வாழைமரம் கட்டாத தார்ப்பாய்

தார்ப்பாயை அத்தனை தாழ்வாகக் கட்டியிருந்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்த பாலகோபால் தன் சொந்த வாசலில் குனிந்து நுழைய வேண்டியிருந்தது. குனிந்தும் பயனில்லை. கயிறு நெற்றியில் இடித்து, சோறு கொண்டுபோன தூக்குப்போசி கையிலிருந்து விழுந்து உருண்டது.

“அட, இதென்ன கருமமுங்க!” என்றான். அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் மதுக்கரைக்காரர்களுக்குப் பழக்கம்.

அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். ஓடு ஒழுகுகிறது, மேலே போட ஒரு பழைய தார்ப்பாய் வேண்டும் என்று வாடகைப் பாத்திரக்கடை நசுருதீன் பாயிடம் அவன் சொல்லி வைத்திருந்தான். மனைவி சாந்தாமணி தலைப்பிரசவத்துக்குக் கோபிசெட்டிபாளையத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். பஸ் ஏறும்போது அவள் கேட்டது அது ஒன்றைத்தான். “புள்ளையோட வாரப்ப ஊட்டுக்குள்ள தண்ணி சொட்டக் கூடாதுங்க, ஆமா.” அதற்காகச் சொன்ன தார்ப்பாயைக் கடை ஆட்கள் ஓட்டின் மேல் ஏறப் பயந்து, வாசலிலேயே நாலு மூங்கிலை நட்டுக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வேலைக்காரர்களின் லட்சணம் இதுதான் என்று அவன் முடிவு கட்டினான்.

தார்ப்பாய் வாய் பேசாத பொருள். ஆனாலும் அதை எங்கே எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்த்தே எங்கள் பக்கத்தில் சேதி தெரிந்துகொள்வார்கள். லாரி மேல் இருந்தால் சிமெண்ட். களத்தில் கிடந்தால் மஞ்சளோ கடலைக்காயோ. ரோட்டோரம் நாலு குச்சியில் நின்றால் டீக்கடை. வாசலில் கட்டி இரண்டு பக்கமும் வாழைமரம் நிறுத்தியிருந்தால் கல்யாணம் அல்லது சீர். வாழைமரம் இல்லாமல், விடிந்தும் விடியாமலும், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு கட்டியிருந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள்.

இது பாலகோபாலுக்கும் தெரியாததல்ல. ஆனால் அடுத்தவர் வாசலில் பார்த்தால்தான் மனுஷனுக்கு அதெல்லாம் ஞாபகம் வரும். தன் வாசலில் பார்த்தால் ஒழுகுகிற ஓடு மட்டும்தான் ஞாபகம் வரும்.

அவிழ்த்துவிடலாம் என்று முக்காலியைப் போட்டு ஏறினான். பாதி முடிச்சு கூட அவிழவில்லை. பால் வாங்கப் போய்க்கொண்டிருந்த பொங்கியண்ணன் வாத்தியார் சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தார். ரிட்டயர் ஆன பிறகு தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது அவர்தான்.

“தம்பி, எறங்குங்க. நீங்க எதுக்குங்க இதெல்லாம் செய்யறீங்க? நாங்கெல்லாம் இல்லீங்களா?”

“இல்லீங்க வாத்தியாரே, இதைக் கழட்டிப்போட்டு ஓட்டு மேல...”

“எறங்குங்க கண்ணு.”

இறக்கினார். அவனுடைய இரண்டு கைகளையும் தன் கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டார். ஓடு ஒழுகுவதற்கு இவ்வளவு பாசமா என்று பாலகோபாலுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வெசனப்படாதீங்க. இது எல்லார் ஊட்டுலயும் உள்ளதுதானுங்க.”

“ஆமாங்க. ரொம்பப் பழசாப் போச்சு. எத்தனை நாளைக்குத்தான் தாங்கும், சொல்லுங்க.”

வாத்தியார் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பெரிய அடி விழுந்தவர்கள் இப்படித்தான் மரத்துப்போய்ப் பேசுவார்கள் என்று அவருக்கு அனுபவம் உண்டு. அவனைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு, தெருமுனைக்குப் போய் இரண்டு பேரிடம் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் எங்கிருந்தோ இரும்பு நாற்காலிகள் வந்தன. நாற்காலிகளைத் தொடர்ந்து ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் அவனுக்குக் கை கொடுத்தார்கள். வரிசையாக உட்கார்ந்தார்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

வீடு தேடி வந்தவர்களைப் பார்த்து “எதுக்கு வந்தீங்க?” என்று கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கேட்டவனுக்கு அதற்கப்புறம் அந்தத் தெருவில் மரியாதை இருக்காது. அதேபோல துக்க வீட்டில் போய் “செத்தது ஆருங்க?” என்று கேட்பதும் வழக்கமில்லை. ஆக, இவனும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எல்லாரும் ரொம்ப மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

காபி கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்று பாலகோபால் கணக்குப் போட்டான்.

“ஏனுங்க, எல்லாரும் சித்த இருங்க, காபி வெக்கறேன்” என்று எழுந்தான்.

கூட்டம் பதறிப்போனது. “அய்யோ, உங்க ஊட்டுல அடுப்பே பத்த வெக்கப்படாதுங்க!” என்றார் ஒருவர். “தம்பிக்கு இன்னும் மனசுல பதியலீங்க. அப்படியே விட்டுரப்படாது, கூடவே ஆள் இருக்கோணும்” என்றார் இன்னொருவர். இரண்டு தடியான ஆட்கள் வந்து அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

அப்போதுதான் முதலில் வந்தவர்களில் ஒருவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பாலகோபாலின் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், விறுவிறுவென்று நடந்துவிட்டார். பின்னாலேயே இன்னொருவர். அவரும் அப்படியே போனார்.

பாலகோபால் அவர்கள் முதுகையே பார்த்தான். கொங்கு நாட்டில் கடன்காரன்கூட “போயிட்டு வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போவான். சொல்லாமல் போகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது எழவு வீடு. அங்கே ‘வாரேன்’ என்று சொல்லக் கூடாது.

வாய் பேசாமல் கை கொடுத்தது, அடுப்புப் பற்றவைக்க விடாதது, கூட ஆள் உட்கார்ந்தது எல்லாம் சேர்ந்து அவன் மேல் ஒரே சமயத்தில் விழுந்தன. இவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. தனக்குத்தான் தெரியவில்லை. இரவு தான் மில்லில் இருந்தபோது தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போன் வந்திருக்கும். கோபியிலிருந்து வேறு யாருக்கு வரப்போகிறது? தெருவுக்கே சேதி தெரிந்துவிட்டது. அவனிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

சாந்தாமணி.

அந்தப் பெயரை நினைத்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்; தடியர்கள் தோளைப் பிடித்து அமுக்கினார்கள். தார்ப்பாய் எதற்குக் கட்டியது என்ற யோசனையே அவனை விட்டுப் போய்விட்டது. பயந்தவனுக்கு ஓடு ஞாபகம் இருக்குமா?

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சின்னாத்தாள் வந்தாள். நாலு வீடு சேர்ந்த லைனில் இரண்டு பூட்டிக் கிடந்தன. மீதி இருந்தது இவனும், சின்னாத்தாளும் அவள் வீட்டுக்காரரும்தான். அவளைப் போல மரியாதைப்பட்ட பொம்பளையைப் பார்க்க முடியாது. பாலைக் குடித்துவிட்டுப் போகிற பூனையைக்கூட “ஏனுங்க, அக்கட்டால போங்க” என்று விரட்டுகிறவள். அப்பேர்ப்பட்டவள் தலைமுடி கலைந்து, கண் இரண்டும் வீங்கி வந்து நின்றாள். தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தாள். உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தாள். கடைசியில் பாலகோபாலைப் பார்த்தாள்.

“தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்...” என்றவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சொல்லாதீங்க அக்கா!” என்று பாலகோபால் கத்தினான். “எதையும் சொல்லாதீங்க! என்னால தாங்க முடியாதுங்க!”

சின்னாத்தாள் திடுக்கிட்டுப் போனாள். அப்புறம் ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். கூட்டத்துக்கு மனசு இளகிவிட்டது. “பக்கத்து ஊட்டுக்காரங்கன்னா இப்படி இருக்கோணும்” என்று மெச்சிக்கொண்டார்கள். பாலகோபாலுக்கோ இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. சின்னாத்தாள் பொய்யாக அழுகிறவள் அல்ல.

அவன் துள்ளி எழுந்து எஸ்டிடி பூத்தைப் பார்த்து ஓடினான். இரண்டு தடியர்களும் பின்னால் ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் வாத்தியார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பூத்துக்காரன் பிரவின்குமார், தெருவில் துக்கம் என்று மரியாதைக்காக ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தான். இவனைப் பார்த்ததும் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டான்.

“ராத்திரி எனக்குப் போன் வந்துச்சுங்களா?”

“வரலீங்கண்ணா” என்றான் பிரவின்குமார், தரையைப் பார்த்தபடி.

மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல மாட்டேன் என்கிறானே! அப்படியானால் வந்திருக்கிறது. பாலகோபால் கோபி நம்பரைச் சுழற்றினான். மாமனார் வீட்டில் போன் கிடையாது. பக்கத்துத் தேங்காய் மண்டியில்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். மணி அடித்தது. யாரோ எடுத்து “அலோ” என்றார்கள்.

கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே! கேட்காத வரைக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

வாத்தியார் அவன் கையிலிருந்து ரிசீவரை மெல்ல வாங்கினார். இந்த மாதிரிச் சேதி சொல்வதில் அவர் தேர்ந்தவர். சுருக்கமாகச் சொல்ல வேண்டும், பேர் சொல்லக் கூடாது, மீட்டர் ஓடுகிறது.

“கோயமுத்தூர், மதுக்கரையிலிருந்து பேசறனுங்க. பாலகோபால் ஊட்டுல ஒரு துக்கமுங்க. அவிங்க மாமனார் ஊட்டுல சொல்லிப்போட்டு, எல்லாரையும் பொறப்பட்டு வரச் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் “ஏனுங்க, ஆருங்க?” என்று கேட்டது. வாத்தியார் வசமாக மாட்டிக்கொண்டார். அவருக்கே தெரியாதே! “நேர்ல வாங்க, சொல்றோமுங்க” என்றார். வைப்பதற்குள் மண்டிக்காரர் யாரையோ கூவி அழைப்பதும், ஓடி வருகிற காலடிச் சத்தமும், ‘ஓ’வென்று ஒரு பொம்பளைக் குரலும் கேட்டன.

“என்னங்க சொன்னாங்க?” என்றான் பாலகோபால்.

“அங்க அழுகச் சத்தம் கேக்குதுங்க தம்பி. வேன் எடுத்துட்டு வந்துருவாங்க.”

முடிந்தது. இனிமேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

கோபியில் என்ன நடந்தது என்று நாம் யோசித்தால் தெரிந்துவிடும். பாலகோபாலுக்கு அப்பா அம்மா இல்லை. மனைவி அம்மா வீட்டில் இருக்கிறாள். மதுக்கரை வீட்டில் இருக்கிறது அவன் ஒருத்தன். துக்கம் என்றால் வேறு யாருக்கு? மதுக்கரையில் இவன் அவளுக்காக அழ, கோபியில் அவள் இவனுக்காக அழுதாள்.

“நான் போறனுங்க, காந்திபுரம் போயி பஸ் ஏறிக்கறேன்” என்று பாலகோபால் திமிறினான். எதிரே வருகிற வேனைத் தவறவிட்டால் என்ன ஆவது என்று சொல்லி, தடியர்கள் அவனை அலாக்காகத் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையைக்கூட யாரும் அப்படித் தூக்கி வந்ததில்லை.

நல்ல ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாகக் கட்டிய தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கி, குடம் போல இறங்கியது. அது இறங்க இறங்கக் கூட்டம் நாற்காலியை ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே போனது. எழுந்து போக மட்டும் யாருக்கும் மனசில்லை. மழை வந்ததும் எழவு வீட்டிலிருந்து ஓடினான் என்ற பேச்சு வந்துவிடுமே! கடைசியில் ஒரு தடியர் விளக்குமாற்றுக் கட்டையால் கீழிருந்து ஒரு தள்ளுத் தள்ளினார். அத்தனை தண்ணீரும் வாத்தியார் தலையில் வந்து கொட்டியது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கி நாலு பேருக்குத் தோள் குலுங்கியது. அவர்களும் அழுகிறார்கள் என்று நினைத்துப் பாலகோபால் இன்னும் பயந்தான்.

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். தொட்டில் கட்ட என்று அவள் பார்த்து வைத்துவிட்டுப் போன உத்தரத்துக்கு நேர் கீழே, ஓட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் கேட்டது இது ஒன்றுதான். அதைக்கூடச் செய்யவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டான். அவளில்லாமல் அந்த வீட்டுக்குள் எப்படிப் போய்ப் படுப்பது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சின்னாத்தாள் எழுந்து அவன் பக்கத்தில் வந்தாள். “தம்பி, நேரமாகிட்டே போகுதுங்க. இப்பவாச்சும் சொல்லிப்போடறனே...”

“வேண்டாமுங்க அக்கா! வேன் வரட்டும்! என் கண்ணாலயே பாத்துக்கறேன்!”

“சரிங்க தம்பி” என்று அவள் மறுபடி போய் உட்கார்ந்து அழுதாள்.

மத்தியானம் தாண்டி, மழை விட்ட நேரத்தில் வேன் வந்தது. தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. கூட்டம் எழுந்து வழி விட்டது. தடியர்கள் பாலகோபாலை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

கதவு திறந்தது. “என்னையத் தனியா உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே!” என்று ஒரு குரல் தெருவையே கிழித்தது.

அது யார் குரல் என்று பாலகோபாலுக்குத் தெரியாதா? செத்தவர்கள் இத்தனை சத்தமாகக் கூப்பிடுவார்களா என்று நினைத்து, ஒற்றைக் கண்ணைத் திறந்தான். எதிரே நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலைவிரி கோலமாகச் சாந்தாமணி நின்றாள்.

சாந்தாமணி அவனைப் பார்த்தாள். அழுகை பாதியிலேயே நின்றுவிட்டது.

“அய்யோ, பேய்!” என்றான் பாலகோபால்.

“அம்மா, உக்காந்திருக்காரு!” என்றாள் சாந்தாமணி.

இருவரும் ஒரே நேரத்தில் மயங்கி விழப் பார்த்தார்கள். அவனைத் தடியர்கள் தாங்கினார்கள், அவளை அவள் அம்மா தாங்கினாள். பிறகு அவன் எட்டி அவள் கையைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. அவள் அவன் தாடையைத் தொட்டாள். முள்ளுத்தாடி குத்தியது. அதற்குமேல் சாட்சி எதற்கு? இருவரும் தெருவென்றும் பாராமல் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

“நீங்கதான் போயிட்டீங்கன்னு போன் வந்துச்சுங்க!”

“நான் எங்க போனேன்? நீதான் போயிட்டேன்னு இவங்கெல்லாம் வந்து உக்காந்துட்டாங்க!”

எல்லார் தலையும் வாத்தியார் பக்கம் திரும்பியது. நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே அவர் மென்று விழுங்கினார். “வாசல்ல தார்பாயி கட்டியிருந்துச்சுங்க. வாழைமரத்தைக் காணோம். அப்படீன்னா என்னன்னு நினைக்கறதுங்க?”

“அது ஓட்டு மேல போடறதுக்கு நான் நசுருதீன் பாய்கிட்டச் சொன்னதுங்க!” என்றான் பாலகோபால். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்ப ஆருக்குமே ஒண்ணும் ஆகலீங்களா?”

“ஒண்ணும் ஆகலீங்க!”

காலையிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் அப்போது வெடித்தது. வாத்தியார் தலையில் தண்ணீர் கொட்டியதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். டீக்குச் சொல்லியாகிவிட்டது. தடியர்கள் இருவரும் பாலகோபாலிடம், “அழுத்திப் புடிச்சுட்டோம், வலிக்குதுங்களா?” என்று விசாரித்தார்கள். செத்துப் பிழைத்தவர்கள் வீட்டுக் கலகலப்பு கல்யாண வீட்டில்கூடக் கிடைக்காது.

மூலையில் சின்னாத்தாள் மட்டும் இன்னும் முழங்காலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். சாந்தாமணி மெல்லப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள்.

“இன்னும் ஏனுங்கக்கா அழுகறீங்க? அதான் நாங்க ரெண்டு பேரும் நல்லாருக்கமே.”

சின்னாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரையும் ஒருமுறை பார்த்து, மரியாதைக்காக லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

“ரொம்பச் சந்தோசம் அம்மணி. அந்தத் தார்பாயி நான் சொல்லியனுப்புனதுங்க, வாசல் மாறிக் கட்டிப்போட்டாங்க... எங்க ஊட்டுக்காரர் ராத்திரியே தவறிப்போயிட்டாரு, உங்க துக்கத்துக்கு நடுவுல எப்படிச் சொல்றதுன்னுதான் உங்களுது முடியட்டும்னு உக்காந்திருந்தேன்.”